டீசல் முள் பாதியில் ஆடுகிறது: மீட்டரா, ஃப்ளோட்டா, எர்த்தா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. பழைய மாதிரி இன்ஜெக்‌ஷன் பம்ப் உள்ள டீசல் ஜீப், 12 வோல்ட் பேட்டரி, முள் வைத்த டயல் மீட்டர். டேங்க் ஃபுல் செய்தால் முள் ஒழுங்காக ஃபுல்லுக்குப் போகிறது. பாதிக்கு இறங்கியதும் ஆட ஆரம்பிக்கிறது. சில நேரம் திடீரென்று எம்ப்டிக்கு விழுந்து, கொஞ்ச தூரம் போனதும் தானாக எழுந்துகொள்கிறது. இரவில் லைட் போட்டால் கால் பங்கு குறைத்துக் காட்டுகிறது. ஒரு மெக்கானிக் மீட்டரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் டேங்கில் உள்ள ஃப்ளோட்டை, அதாவது டீசல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையை, மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். காசைச் செலவு செய்வதற்கு முன்னால் எது கெட்டது என்று நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் யாருடைய பேச்சையும் எடைபோட முடியாது.

என் கணிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் ஒரே பழுதிலிருந்து வருபவை அல்ல. லைட் போட்டதும் முள் இறங்குவது எர்த் கோளாறு, அதாவது கரன்ட் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் உள்ள கோளாறு. இதில் எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு. பாதியில் ஆடுவது டேங்க் யூனிட்டின் (ஃப்ளோட் மாட்டியிருக்கும், டீசல் மட்டத்தை அளக்கும் பாகம்) உள்ளே தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) பின் லூஸாக இருந்தாலும் இதே மாதிரிதான் ஆடும், அதனால் வண்டியைப் பார்க்காமல் அதை அடித்துச் சொல்ல மாட்டேன். மீட்டர் கெட்டிருக்க வாய்ப்பு கடைசி. ஃபுல் டேங்கில் முள் சரியான இடத்தில் போய் நிற்கிறது என்பதே மீட்டருக்குச் சாதகமான சாட்சி. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, நாமக்கல் பக்கம் லாரி, வேன், ஜீப் வயரிங் வேலைதான் பல வருடமாகப் பார்க்கிறேன். முள் கோளாறு என்று வரும் டீசல் வண்டிகளில் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டி வந்தவை கொஞ்சம்தான். பெரும்பாலும் கோளாறு பின்பக்கம், சேறும் தண்ணீரும் அடிக்கிற இடத்தில்தான் இருக்கும்.

இந்தச் சர்க்யூட் எளிமையானது. சாவி ஆன் செய்ததும் கரன்ட் ஃபியூஸ் வழியாக மீட்டருக்கு வருகிறது. அங்கிருந்து ஒரே ஒரு ஒயர் சேஸ் (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) ஓரமாகப் பின்னால் ஓடி டேங்க் யூனிட்டில் சேர்கிறது. யூனிட்டுக்குள் கரன்ட்டுக்குத் தடை தரும் ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டையும், அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு சின்னத் தகடும் இருக்கின்றன. ஃப்ளோட் கை ஏறி இறங்கும்போது அந்தத் தகடு நகர்கிறது, ரெசிஸ்டன்ஸ் மாறுகிறது, அதற்கேற்ப முள் நகர்கிறது. யூனிட்டைத் தாண்டிய கரன்ட் எர்த் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. மீட்டர், நீள ஒயர், யூனிட், எர்த் என்று பார்க்க வேண்டியது நான்கே இடம். மீட்டருக்குத் தெரிவது வழியில் உள்ள மொத்த ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான். அது டீசல் குறைந்ததால் கூடியதா, ஒரு போல்ட்டில் துரு ஏறியதால் கூடியதா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழி கிடையாது.

யூனிட்டுகளில் இரண்டு ஜாதி உண்டு. ரெசிஸ்டன்ஸை ஓம் என்ற அளவில் சொல்வார்கள். அமெரிக்க வழக்கப்படி செய்ததில் டேங்க் காலியாக இருந்தால் 240 ஓம், பாதியில் 103 ஓம், நிரம்பினால் 33 ஓம் காட்டும். ஐரோப்பிய வழக்கப்படி செய்ததில் காலிக்கு 10 ஓம், நிரம்பினால் 180 ஓம். வண்டி கம்பெனிகள் இதற்கு வெளியே தங்களுக்கென்று வேறு எண்களும் வைத்துக்கொள்வதால், உங்கள் வண்டிக்கான சரியான எண் அதன் சர்வீஸ் மேனுவலில்தான் இருக்கும். ஆனால் எந்த ஜாதி என்று உங்கள் அறிகுறியை வைத்தே ஊகிக்கலாம். எர்த் கெட்டால் அது ரெசிஸ்டன்ஸ் கூடியது போலத்தான். உங்கள் முள் அப்போது எம்ப்டி பக்கம் போகிறது. அப்படியானால் உங்களுடையது ஓம் கூடினால் காலி என்று காட்டும் முதல் ஜாதி. ஒயர் அறுந்தாலும் எம்ப்டிதான் காட்டும். ஒயர் தோலுரிந்து சேஸில் பட்டால் ஃபுல் காட்டும். இரண்டாம் ஜாதியில் எல்லாமே தலைகீழ். ஒயர் அறுந்தால் முள் ஃபுல்லில் போய் நின்றுகொள்ளும், வண்டி நடுவழியில் டீசல் இல்லாமல் நின்றுபோகும். அதனால் பக்கத்து வண்டிக்குச் செய்த சோதனையை அப்படியே உங்கள் வண்டிக்குச் செய்து முடிவுக்கு வரக்கூடாது.

இப்போது எர்த். ஹெட்லைட் முன்னால் இருக்கிறது, டேங்க் பின்னால் இருக்கிறது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். லைட் ஸ்விட்சைத் திருப்பினால் பின்னால் டெயில் லைட்டும் நம்பர் பிளேட் லைட்டும் சேர்ந்து எரிகின்றன அல்லவா? பல வண்டிகளில் டெயில் லைட் எர்த்தும் டேங்க் யூனிட் எர்த்தும் ஒரே கறுப்பு ஒயரில் சேர்ந்து, ஒரே போல்ட்டில் சேஸைப் பிடிக்கின்றன. அந்த போல்ட்டுக்கு அடியில் துரு ஏறி 2 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வாட் பல்பு மூன்று எரிந்தால் சுமார் 1 ஆம்பியர் கரன்ட் அந்தத் துரு வழியே போகும். அங்கே கிட்டத்தட்ட 2 வோல்ட் நின்றுவிடும். டேங்க் யூனிட்டின் எர்த் பூஜ்யத்தில் இருக்க வேண்டியது, இப்போது 2 வோல்ட் உயரத்தில் மிதக்கிறது. மீட்டர் வழியே வரும் கரன்ட் குறைகிறது, முள் இறங்குகிறது. லைட்டை அணைத்ததும் யூனிட்டின் சொற்பக் கரன்ட் மட்டும் அந்தத் துருவைக் கடக்கிறது. 240 ஓம் வரை போகும் சர்க்யூட்டில் 2 ஓம் ஒரு பொருட்டே இல்லை, முள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இதை உறுதி செய்ய ஒரு பொருளும் வாங்க வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, லைட் ஸ்விட்சை முதல் கட்டத்துக்கு மட்டும் திருப்புங்கள். பார்க்கிங் லைட்டும் டெயில் லைட்டும் மட்டும் எரியும். அதிலேயே முள் இறங்கினால் குற்றவாளி பின்பக்க எர்த்தான். முதல் கட்டத்தில் அசையாமல், ஹெட்லைட் வந்த பிறகே இறங்கினால், பேட்டரி, ஆல்டர்னேட்டர், சாவி ஸ்விட்ச் பக்கம் வோல்டேஜ் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பிரேக் பல்பு ஒவ்வொன்றும் 21 வாட், டெயில் பல்பைப் போல நான்கு மடங்கு. எர்த் கெட்டிருந்தால் முள் இன்னும் பெரிதாகத் துள்ளும். ஓடும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பிரேக் பிடித்தால் டேங்கில் டீசலும் முன்னால் சரியும், எது எதனால் என்று தெரியாமல் போகும்.

இன்னும் உறுதியாகத் தெரிய, நல்ல கனமான ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை டேங்க் யூனிட்டின் எர்த் டெர்மினலிலும் மறு முனையைப் பேட்டரி நெகடிவ்விலும் பிடித்துவிட்டு லைட்டைப் போடுங்கள். ஒயர் சைலன்சர் மேலும் ஃபேன் பெல்ட் பக்கமும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முள் இப்போது அசையவில்லை என்றால் உங்கள் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் சேஸையும் பெயின்ட் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. நான் செய்யும் வண்டிகளில் இதோடு நிற்காமல், யூனிட்டிலிருந்து தனியாக ஒரு கறுப்பு ஒயரைச் சேஸில் வேறொரு சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோய்விடுவேன். டெயில் லைட்டோடு பங்கு போடாத எர்த் இருந்தால் அடுத்த பத்து வருடம் இந்தத் தொல்லை வராது.

ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதுங்கள்: லைட் போடும்போது டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து அசைகிறதா? உங்கள் கேள்வியில் அது இல்லை. இரண்டு முள்ளும் ஒன்றாக அசைந்தால் நான் மேலே சொன்னதை விட்டுவிட்டு டேஷ்போர்டு பக்கம் வர வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் மீட்டருக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று விரல் நீளத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே சூட்டில் வளையும் ஒரு தகடு நிமிடத்துக்குப் பல முறை கரன்ட்டை விட்டுவிட்டுத் தந்து, சராசரியாக 10 வோல்ட் மட்டும் மீட்டர்களுக்குப் போகும்படி பார்த்துக்கொள்கிறது. அதன் எர்த் போய்விட்டால் தகடு சூடாகாது, பேட்டரி வோல்டேஜ் முழுவதும் மீட்டருக்கு வரும், டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். டீசல் முள் மட்டும் கோளாறு செய்து டெம்பரேச்சர் முள் ஒழுங்காக இருந்தால் ஸ்டெபிலைசரைத் தொடவே வேண்டாம்.

மீட்டரா, பின்பக்கமா என்று பிரிக்கும் சோதனைக்கு வருவோம். சாவியை ஆஃப் செய்து, டேங்க் யூனிட் கப்ளரைக் கழற்றுங்கள். சாவியை ஆன் செய்தால் உங்கள் ஜாதி வண்டியில் முள் எம்ப்டிக்குப் போய்ப் படுக்க வேண்டும். மறுபடி ஆஃப் செய்து, மீட்டரிலிருந்து வரும் ஒயருக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரைக் கட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். நிறைய பேர் ஒயரை நேராகச் சேஸில் தொட்டுப் பார்ப்பார்கள். முள் ஃபுல்லுக்கு ஏறும், பழைய மீட்டர்கள் இரண்டு மூன்று நொடி தாங்கும். ஆனால் மீட்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அதிக நேரம் பிடித்தால் மீட்டருக்கும் கெடுதல். 33, 100, 240 ஓம் பக்கத்தில் மூன்று ரெசிஸ்டர்கள், ஒரு வாட் அளவில், எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெரு. ஒவ்வொன்றாகக் கட்டினால் ஃபுல், பாதி, எம்ப்டி என்று முள் போய் நிற்க வேண்டும். உங்கள் வண்டியின் எண்கள் கொஞ்சம் மாறியிருந்தால் நிற்கும் இடமும் கொஞ்சம் மாறும், அது பரவாயில்லை. 100 ஓமில் முள் ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். நின்றுவிட்டால் மீட்டரும் நீள ஒயரும் குற்றமற்றவை. மீட்டர் மாற்றச் சொன்னவரின் பேச்சு அதோடு முடிந்தது. அந்த நிலையிலேயே இன்னொருவரை விட்டுச் சேஸ் ஓரமாக ஒயரை அசைக்கச் சொல்லுங்கள். சேஸ் துளைகளில் ரப்பர் விழுந்துபோன இடம், சைலன்சர் ஓரம், டேப் சுற்றிய பழைய ஜாயின்ட் ஆகிய மூன்றும் பழுதின் தாய்வீடு. முள் துள்ளினால் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்து நூல் நூலாக உதிரும். வெட்டியெறிந்துவிட்டுப் புது ஒயர் வைத்து ஈயப்பற்று போடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையோடு சரி.

அடுத்து மல்டிமீட்டரை ஓமில் வைத்து, கழற்றிய கப்ளரில் யூனிட் பக்கம் அளவு எடுங்கள். முதலில் யூனிட்டின் சிக்னல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில். பிறகு அதே சிக்னல் பின்னுக்கும் சுத்தமான சேஸ் இரும்புக்கும் நடுவில். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இரண்டாவது கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் எர்த்தில் உள்ள துரு. ஆனால் ஓம் மீட்டர் மிகச் சிறிய கரன்ட்டில் அளப்பதால், சில கெட்ட எர்த்துகள் இதில் நல்லவை போலத் தப்பித்துவிடும். அதனால் லைட் முழுவதையும் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகடிவ்வுக்கும் நடுவில் வோல்ட் அளப்பதுதான் நம்பகமானது. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் காட்டினால் அந்த எர்த் வேலைக்கு ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் பாதியில் முள் ஆடினால், யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். டீசல் பெட்ரோல் மாதிரி பற்றாது என்கிற தைரியத்தில் பீடியை வாயில் வைத்துக்கொண்டு டேங்கைத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியத் தர விதிப்படி நம் டீசலின் ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை) 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. மே மாத வெயிலில் நின்ற வண்டியின் டேங்க் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். போதாததற்கு ரிட்டர்ன் பைப்பில் இன்ஜின் சூட்டோடு டீசல் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. அந்த நிலையில் டேங்க் வாயில் இருப்பது பற்றக்கூடிய ஆவி. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, பேட்டரி நெகடிவ்வைக் கழற்றிவிட்டு, நிழலில் செய்யுங்கள். கிரைண்டர், வெல்டிங் எதுவும் பக்கத்தில் வேண்டாம். டேங்க் மேல் உள்ள மண்ணைப் பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டுத் திறங்கள். உள்ளே விழும் மணல் ஃபில்டரை அடைக்கும், அதைத் தாண்டியது இன்ஜெக்‌ஷன் பம்ப்பைத் தின்னும். சில யூனிட்டுகள் திருகாணிகளில் நிற்கும், சில திருப்பும் வளையத்தில். வளையமாக இருந்தால் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள், இரும்பு வேண்டாம். யூனிட் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று எடுப்பதற்கு முன் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய வகையில் மெல்லிய ரெசிஸ்டன்ஸ் கம்பியை ஒரு பட்டை மேல் நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். தகடு உரசிய தடம் பளபளவென்று ஒரு கோடாகத் தெரியும். உங்கள் வண்டியில் அந்தக் கோட்டின் நடுப்பகுதி மட்டும் ஆழமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஒரு சுற்றுக் கம்பி அறுந்து, அதன் முனை தலைமுடி போல மேலே நீட்டிக்கொண்டிருக்கலாம். தகடு அதன் மேல் வரும்போது தொடுவதும் விடுவதுமாக இருக்கும், அதுதான் முள் விழுந்து எழுவது. ஏன் நடுவில் மட்டும்? நம்மில் அதிகம் பேர் டேங்க் ஃபுல் செய்வதில்லை. ஐந்நூறு, ஆயிரம் என்று போட்டு ஓட்டுகிறோம். ஃப்ளோட் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கால் பங்குக்கும் பாதிக்கும் நடுவில்தான் கழிக்கிறது, குழியில் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் தகடு அந்த ஒரே இடத்தைத் தேய்க்கிறது. எப்போதும் ஃபுல் செய்து ஓட்டும் வண்டிகளில் தேய்மானம் பரவலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதற்குக் கணக்கெடுத்த சான்று என்னிடம் இல்லை, கண்ணால் கண்டது மட்டும்தான்.

புதிய வகையில் கம்பிக்குப் பதிலாகப் பீங்கான் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். அதை எக்காரணத்தைக் கொண்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு போனால் யூனிட் போயிற்று. சுத்தமான டீசலில் நனைத்த மென்மையான பிரஷ் போதும். டீசலில் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கினால், இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பு வழவழப்பாகப் படியும். யூனிட் மேல் அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால் யூனிட்டை மட்டும் துடைத்துப் பயனில்லை. டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். அழுக்கால் வந்த ஆட்டம் சுத்தம் செய்தால் போய்விடும். தேய்மானத்தால் வந்தது கொஞ்ச நாள் நின்றுவிட்டுத் திரும்ப வரும்.

கண்ணுக்குத் தெரியாத அறுப்பைக் கண்டுபிடிக்க, ஓம் மீட்டரை யூனிட்டில் மாட்டிவிட்டு ஃப்ளோட் கையை மேலிருந்து கீழ் வரை மிக மெதுவாக இறக்குங்கள். இதற்கு டிஜிட்டல் மீட்டரைவிட முள் வைத்த பழைய மல்டிமீட்டர் நல்லது. ஒரு கணம் தொடர்பு விட்டுப்போவது டிஜிட்டலில் எண்ணாக வருவதற்குள் தகடு அந்த இடத்தைத் தாண்டிவிடும். பழைய மீட்டரின் முள் அந்த இடத்தில் துடிக்கும். பிறகு ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே டீசல் சத்தம் கேட்டால் ஊசித் துளை விழுந்துவிட்டது, ஃப்ளோட் மூழ்கி முள் எப்போதும் குறைத்தே காட்டும். உங்கள் வண்டியில் ஃபுல் சரியாக வருவதால் இது இருக்காது. கை வளைந்திருந்தாலும் முள் ஆடாது, எல்லா இடத்திலும் ஒரே அளவு தப்பாகக் காட்டும். யாராவது முன்பு கழற்றி மாற்றுத் திசையில் மாட்டியிருந்தால் கை டேங்கின் தடுப்புத் தகட்டிலோ பைப்பிலோ இடித்து நிற்கும். அப்போது முள் ஓர் இடத்தில் நின்றுவிட்டு, மேடு பள்ளத்தில் குலுங்கியதும் சட்டென்று விடுபடும். இந்த ஒன்றை மட்டும் உங்கள் அறிகுறியிலிருந்து முழுக்க ஒதுக்க முடியவில்லை. கை உரசிய பளபளப்பு எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள்.

புது யூனிட் வாங்கப் போனால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். வெளி மார்க்கெட்டில் உருவத்தில் ஒரே மாதிரி, ஓமில் வேறாக இருப்பவை கிடைக்கின்றன. கடையிலேயே மல்டிமீட்டர் வைத்து, கையை முழுக்க மேலேயும் முழுக்கக் கீழேயும் வைத்து இரண்டு எண் பார்த்து, பழையதோடு ஒப்பிடுங்கள். கையின் நீளமும் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது டேங்கின் ஆழத்துக்காகச் செய்தது. எண் தலைகீழாக இருந்தால் டீசல் போடப் போட முள் இறங்கும். மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். மாட்டிய பிறகு டேங்க் ஃபுல் செய்து, யூனிட் வாயில் கசிவு இருக்கிறதா என்று கைவிரலால் தடவிப் பாருங்கள். அரை டேங்கில் பார்த்தால் தெரியாது.

எல்லாம் சரிசெய்த பிறகும் சில விஷயங்கள் உங்களுக்குக் கோளாறு போலத் தெரியலாம். ஃபுல் செய்த பின் வெகு தூரம் முள் அசையாமல் இருக்கும். ஃப்ளோட் தன் உச்சிக்குப் போன பிறகும் டேங்கின் மேல் இடுக்கிலும் ஃபில்லர் குழாயிலும் டீசல் நிற்பதால் அப்படி. மேல்பாதி மெதுவாகவும் கீழ்பாதி வேகமாகவும் இறங்குவது டேங்கின் வடிவத்தால் வருவது. ஏற்றத்தில் ஒரு மாதிரியும் இறக்கத்தில் ஒரு மாதிரியும் காட்டுவது ஃப்ளோட் டேங்கின் ஒரு பக்கத்தில் இருப்பதால். இவற்றுக்காக யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

அதுவரை முள்ளை நம்ப வேண்டாம். பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் ஒரு லிட்டர் ஊற்றிக் கிளம்பிவிடலாம். டீசலில் லைனில் காற்று ஏறிவிட்டால் ஃபில்டர் மேல் உள்ள கை பம்ப்பை அடித்து, பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். ராத்திரியில் நடுரோட்டில் அது பெரிய பாடு. காமன் ரெயில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலை இன்ஜினுக்குத் தரும் புதிய முறை) வண்டிகளில் விஷயம் இன்னும் மோசம்: ஹை பிரஷர் பம்ப்புக்கு உராய்வைக் குறைக்கும் எண்ணெயும் டீசல்தான், காய்ந்து ஓடினால் பம்ப் தேயும், அது விலை உயர்ந்த சாமான். டீசல் குறைந்தால் அடி அழுக்கை இழுக்கும் என்று சொல்வார்கள். அது முழுக்கச் சரியல்ல, ஏனென்றால் உறிஞ்சும் குழாய் எப்போதுமே அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மட்டம் குறையும்போது டீசல் அதிகம் குலுங்கி அடியில் படிந்ததைக் கலக்கிவிடும் என்பது உண்மை. ட்ரிப் மீட்டரை வைத்து ஓட்டுங்கள். ஃபுல் செய்ததும் பூஜ்யமாக்குங்கள். 50 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்றால் கணக்கில் 550 வரும். நீங்கள் 400-இல் பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்துவிடுங்கள். ஃபில்லர் வாய் நேராக இருக்கும் வண்டி என்றால் சுத்தமான குச்சி விட்டும் அளக்கலாம், வளைந்த குழாயில் குச்சி டேங்க் வரை போகாது.

நான் சொன்ன சோதனைகள் முள் நேராக யூனிட்டோடு பேசும் பழைய வண்டிகளுக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு வந்த வண்டிகளிலும், அதற்குச் சில வருடம் முந்தைய பலவற்றிலும், முள்ளை நகர்த்துவது சின்ன மோட்டார். அதற்கு உத்தரவு போடுவது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர். டீசல் குலுங்குவதைச் சராசரி எடுத்து முள்ளை மெதுவாகத்தான் நகர்த்தும், அதனால் ரெசிஸ்டரை மாட்டிய உடனே முடிவு தெரியாது. அந்த வண்டிகளில் ஒயரைச் சேஸில் தொட்டுப் பார்க்கவே கூடாது, ஸ்கேனர் போட்டு யூனிட்டின் அளவைப் படிப்பதுதான் முறை. 24 வோல்ட் லாரிக்கும் இதே நான்கு இடம்தான், ஆனால் 12 வோல்ட் மீட்டரை எடுத்து அதில் மாட்டிவிடாதீர்கள்.

நாளைக்கே நேரம் கிடைத்தால் லைட் ஸ்விட்ச் முதல் கட்டச் சோதனையையும், பேட்டரி நெகடிவ்விலிருந்து ஒயர் பிடிக்கும் சோதனையையும் மட்டும் முதலில் செய்துவிடுங்கள். அப்புறம் கப்ளரில் யூனிட் பக்கம் எடுத்த இரண்டு ஓம் அளவுகள், லைட் போட்டு எடுத்த வோல்ட் அளவு, அந்த நேரத்தில் டேங்கில் தோராயமாக எவ்வளவு டீசல் இருந்தது, டெம்பரேச்சர் முள் அசைந்ததா என்பதை எழுதுங்கள். அதை வைத்து யூனிட்டைக் கழற்ற வேண்டுமா, எர்த் வேலையோடு முடிந்துவிடுமா என்று இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்.